சின்னத்தாய் காது வைத்த கரை

அமலதாஸ் தோட்டத்து அணையை அணை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். கெர்லிங்கிலிருந்து மலைப்பக்கம் திரும்பும் செம்மண் ரோட்டில் உள்ளே போனால், இரண்டு குன்றுக்கு நடுவில் ஓடைக்குக் குறுக்கே கொட்டி வைத்த ஒரு மண்மேடு, அவ்வளவுதான். எஞ்சினியர் கிடையாது, பிளான் கிடையாது. தோட்டத்துச் சொந்தக்காரர் அமலதாஸ் கோலசிலாங்கூர் டவுனில் உட்கார்ந்துகொண்டு, "ரப்பர்ப் பால் ஸ்டோருக்குத் தண்ணி வேணும், கட்டுங்கப்பா" என்றார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் கூடையில் மண் சுமந்து கட்டினார்கள். அந்த இடத்தில் நின்ற பால்மரங்களை வெட்டினார்களே தவிர, வேரைத் தோண்டி எடுக்கவில்லை. அடிக்கட்டைகள் மேலேயே மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். "வேரு கெடந்தா மண்ணைப் புடிச்சுக்கும்லா" என்று யாரோ சொன்னானாம். சொன்ன மகராசன் யாரென்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. இந்த மாதிரிக் காரியத்துக்கெல்லாம் எவனும் பேர் சொல்லிக்கொண்டு முன்னால் வரமாட்டான்.

ஸ்டோருக்கும் லயத்துக்கும் ஒரு சின்ன பைப்பில் எந்நேரமும் தண்ணீர் ஓடும். மழை வலுத்துக் குளம் நிறைந்தால், கரைக்கு அடியில் இருக்கிற மதகைத் திறந்துவிட வேண்டும். மேலே நின்று இரும்புக் கைப்பிடியை மாட்டித் திருகினால் மதகுக் கதவு தூக்கிக்கொள்ளும். மிஞ்சின தண்ணீர் வழிந்தோட ஓரத்தில் கலிங்கு என்று ஒரு வாயும் விட்டிருந்தார்கள். அது எவ்வளவு பெரிசு என்கிறீர்கள்? ஒரு ஆடு குறுக்கே படுத்தால் அடைத்துக்கொள்ளும்.

இந்த அணைக்குக் காவல் கார்த்திகேசு. துப்பாக்கிக் காவல் இல்லை; மதகு வாயில் அடைக்கிற சருகையும் கட்டையையும் எடுத்துப் போடுவான், கரையைச் சுற்றி வருவான், எங்கே ஈரம் கசிகிறது என்று பார்ப்பான். அவன் பெண்டாட்டி சின்னத்தாய் அதே கரையில் புல் வெட்டுவாள். நாள் பூராவும் சண்டைதான் இரண்டு பேருக்கும். சண்டை போட்ட கையோடு ஒரே தூக்குச் சட்டியில் சோறும் தின்பார்கள்.

கரையின் அடிவாரத்தில் வெளிப்பக்கமாக ஒரு ஊற்று கசிந்துகொண்டிருக்கும். பெண்கள் பாத்திரம் கழுவுகிற இடம். அதைப் பார்க்காமல் கார்த்திகேசு ஒரு நாளும் வீட்டுக்குப் போகமாட்டான். "தண்ணி தெளிவா வந்தா பயமில்ல புள்ள. கலங்கி வந்துச்சுன்னா உள்ளேருந்து மண்ணு போகுதுன்னு அர்த்தம். அப்ப மண்வெட்டியப் போட்டுட்டு ஓடிரணும்" என்பான். "ஆமா, பெரிய தொரை சொல்லிட்டாரு" என்பாள் இவள்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரச் சர்க்கார் அவசரகாலம் போட்டு, ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டு திரிந்த சமயம். ராத்திரி பூராவும் கொட்டிய மழை விடியற்காலையில்தான் விட்டது. கார்த்திகேசு மதகைத் திறக்கிறேன் என்று முன்னால் போனான். குளத்தின் மேல் பனி இறங்கி, எதிர்க் குன்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னத்தாய் போனபோது, கரைமேல் அவன் சட்டை மடித்து வைத்திருந்தது. சட்டைமேல் வெற்றிலைப் பொட்டலம். ஆளைக் காணோம், மதகுக் கைப்பிடியையும் காணோம். "என்னங்க! என்னங்க!" என்று கத்தினாள். குன்றில் பட்டு அவள் குரலே அவளிடம் திரும்பி வந்தது.

போலீஸ் வந்தது, நாய் வந்தது. குளத்தோரத்தில் மூங்கிலை விட்டுக் குத்திப் பார்த்தார்கள், ஒன்றும் தட்டவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அப்போதுதான் இரண்டு வாலிபர்கள் காட்டுக்குள் போய்க் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்திருந்தார்கள். அதனால் முடிவு சொல்வது சுலபமாகிவிட்டது. கார்த்திகேசுவும் காட்டுக்குப் போய்விட்டான். இரும்பு உதவும் என்று கைப்பிடியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். "காட்டுக்குப் போறவன் சட்டைய மடிச்சு வச்சுட்டா போவான்? நீங்களே சொல்லுங்க!" என்று சின்னத்தாய் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக் கேட்டாள். யார் சொல்வார்கள்? சொன்னால் அவனுக்குப் பரிந்து பேசினதாக ஆகிவிடுமே.

அன்றிலிருந்து அவள் காட்டுக்காரன் பெண்டாட்டி. தோட்டத்தில் சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் சர்க்கார் உத்தரவில் பிரித்து, ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டி முள்கம்பி போட்டார்கள். சமதரையாகவும் இருக்க வேண்டும், ரோட்டுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்று தேடிப் பிடித்த இடம் எது தெரியுமா? அணைக்கு நேர் கீழே. சாயங்காலம் கேட் பூட்டினால் விடிந்துதான் திறக்கும். காலையில் வேலைக்குப் போகும்போது காட்டுக்குச் சோறு கடத்துகிறார்களா என்று எல்லாரையும் சோதிப்பார்கள். சின்னத்தாயின் சட்டியை மட்டும் குச்சி விட்டுக் கிளறிக் கொழகொழவென்று ஆக்கித்தான் கொடுப்பார்கள். வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் மற்றவர்கள் நிற்பார்கள். அந்தச் சோற்றைக் கரைமேல் உட்கார்ந்து அழுதுகொண்டே தின்பாள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் அதைப் பார்த்தாள். கார்த்திகேசு சட்டையை மடித்து வைத்த அதே இடத்தில், ஈர மண்ணாக ஒரு புற்று முளைத்திருந்தது. நேற்று இல்லை, சத்தியமாக இல்லை. மறுநாள் முழங்கால் உயரம் வந்தது. அந்த வாரமே இடுப்பைத் தொட்டது. உடம்பெல்லாம் புல்லரித்துப்போய் அவள் குனிந்து புற்றின் வாயில் காதை வைத்தாள்.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது.

வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. தூக்கம் வருகிற நேரத்தில், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, அணையைப் பற்றியும் மழையைப் பற்றியும் கார்த்திகேசு முணுமுணுத்துக்கொண்டே இருப்பான் பாருங்கள், அதே இழுவை, அதே நிறுத்தம். நடுவில் அவன் விடுகிற ஒரு பெருமூச்சுகூட இருந்தது. "இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அப்படியே புற்றைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். வெயில் ஏறியது தெரியவில்லை, எறும்பு கடித்தது தெரியவில்லை.

லயத்தில் முதலில் சிரித்தார்கள். அப்புறம், ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் சன்னாசி வந்து காதை வைத்தான். முகம் வெளுத்துப் போய் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டான். தோட்டத்துக் கோயிலில் கரகம் எடுக்கிற ஆள் அவன். அவன் கும்பிட்டால் லயமே கும்பிட்ட மாதிரி. புற்றில் குடியிருக்கிற அம்மன்தான் கார்த்திகேசுவைப் பேச வைக்கிறாள் என்று மஞ்சள் பூசினார்கள், பொட்டு வைத்தார்கள், முட்டை உடைத்து ஊற்றினார்கள். அதைச் சுற்றிலும் புல் வெட்டக் கூடாது, செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, வேலைக்காரன் மண்வெட்டியைக் கரைமேல் கொண்டுவரக் கூடாது என்று கட்டுத்திட்டம் ஆனது. காய்ச்சல் என்றால் சின்னத்தாய் போய்க் காதை வைத்துவிட்டு வந்து திருநீறு கொடுப்பாள். கேட் வரிசையில் இப்போது பெண்கள் அவளை ஒட்டி நின்றார்கள். "அக்கா, அண்ணன் என்ன சொல்றாரு?" என்று கேட்டார்கள். அவள் மனசு குளிர்ந்து போனது. குளிராதா பின்னே?

இதற்கிடையில் அணையை யாரும் பார்க்கவில்லை. புதுக் கைப்பிடி வேண்டும் என்று, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி அம்புரோஸ் சொல்லும்போதெல்லாம், "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார் அமலதாஸ். மதகு மூடியது மூடியபடி கிடந்தது. ஒரு மழைக்காலம் போய் இன்னொரு மழைக்காலமும் போயிற்று. குளம் எப்போதும் விளிம்பு வரைக்கும் நின்றது. புற்றின் பேச்சு நாளுக்கு நாள் உரக்கக் கேட்டது. "வர வர தெளிவா பேசறாரு" என்று சின்னத்தாய் பூரித்துப் போனாள்.

அந்த வருஷம் ஆடி வெள்ளி. அவள் மகள் கங்கா பிள்ளை பெற்று, கம்பி வேலி ஓரத்துக் கடைசி வீட்டில், அதாவது கரைக்கு மிகக் கிட்டே இருந்த வீட்டில் படுத்திருந்தாள். பேரப்பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் சின்னத்தாய் வழக்கத்தைவிடப் பெரிய பூசையாகச் செய்தாள். மத்தியானம் வரிசையாகப் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டு வந்து புற்றின் வாயில் ஊற்றினார்கள். எவ்வளவு ஊற்றியும் நிறையவில்லை. மடக் மடக்கென்று குடித்தது. "தாகம்டி அம்மாவுக்கு!" என்று ஒருத்தி குலவை போட்டாள்.

பூசை முடிந்து குடம் கழுவுவதற்குச் சின்னத்தாய் அடிவாரத்து ஊற்றுக்கு இறங்கினாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஊற்று மஞ்சளாக வந்துகொண்டிருந்தது.

பின்னால் வந்த பெண்கள் பார்த்ததும் ஓவென்று அலறி விழுந்து கும்பிட்டார்கள். குடுத்ததை அம்மா திருப்பிக் குடுக்குறா! கையில் ஏந்திக் குடித்தார்கள், பிள்ளைகள் தலையில் தெளித்தார்கள். சின்னத்தாயும் இரண்டு கையையும் குவித்து ஏந்தினாள். குடிக்கப் போனவள் உள்ளங்கையைப் பார்த்தாள். தண்ணீர் விரலிடுக்கில் வடிந்து போனது, கையில் ஒரு பிடி செம்மண் தங்கியிருந்தது. மெதுவாக மஞ்சள் நிறம் வெளுத்தது. அதற்கப்புறமும் ஊற்று தெளியவில்லை. குழம்பு மாதிரிக் கலங்கிக் கலங்கி வந்தது.

ஊற்றின் வாயில் காதை வைத்தாள். அதே பேச்சு. அதே இழுவை, அதே நிறுத்தம், அதே பெருமூச்சு. மேலே புற்றில் கேட்டது கீழேயும் கேட்டது.

கலங்கி வந்தால் ஓடிவிட வேண்டும் என்று அவன் சொன்னது அப்போதுதான் நெஞ்சில் வந்து இடித்தது. ஐயோ, நான் கேட்டது அவரை இல்லையே! உள்ளே ஓடுகிற தண்ணியை அல்லவா இத்தனை நாளும் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன்! செத்துப்போன பால்மர வேரையெல்லாம் கறையான் தின்று, அது தின்ற வழியில் தண்ணீர் புகுந்து, மேலேயிருந்து கீழே வரைக்கும் கரைக்குள் ஒரு பாதை விழுந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தாள். தலைக்குமேல் கரை. அதற்கு அந்தப் பக்கம் தளும்ப நிற்கிற குளம். முதுகுக்குப் பின்னால் கம்பி வேலி. அதற்குள்ளே கங்கா, குழந்தை, மொத்த லயமும். சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிடுவான்.

ஓட்டமாக ஓடிக் கிராணி அம்புரோஸைக் கூட்டி வந்தாள். அம்புரோஸ் வேதக்காரர், சாது மனுஷர். கலங்கல் தண்ணீரைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். "தண்ணிய எறக்கணும் சின்னத்தாய். கைப்பிடி இல்ல, மதகு தெறக்காது. கலிங்கத்தான் ஆழமா வெட்டி விடணும். ஆனா அங்க மண்வெட்டி எடுக்க இவனுங்க விடமாட்டானுங்களே! நான் போய்ப் புத்துகிட்ட மண்வெட்டியோட நின்னா, வேதக்காரன் சாமிய இடிக்க வந்துட்டான்னு என்னை அங்கேயே பொதச்சுடுவானுங்க."

"நான் சொல்றேன் ஐயா."

"சொல்லிட்டா, நாளைக்கு உன்னை என்னன்னு பேசுவாங்க தெரியும்ல?"

தெரியும். மறுபடியும் காட்டுக்காரன் பெண்டாட்டி. மறுபடியும் வரிசையில் முன்னும் பின்னும் இடம் விடுவார்கள். அதுகூடப் போகட்டும். அவர் பேச்சு இனிமேல் கேட்காது. "நீங்க கேட்ல போலீஸ்கிட்ட சொல்லி, புள்ளகுட்டிய எல்லாம் மேட்டு ஸ்டோருக்கு ஏத்துங்க ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கரையேறி வருவதைப் பார்த்துச் சன்னாசி குறுக்கே வந்து நின்றான். பூசைக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை.

"என்ன தங்கச்சி இது? மண்வெட்டியோட வர்ற?"

"அண்ணே, வழி விடுங்க. உள்ள சாமி இல்ல. எம் புருசனும் இல்ல. தண்ணி போகுது. கரை ஒடையப் போகுது."

"வாயக் கழுவு! நீதானே கொண்டாந்த இந்தச் சாமிய? நீதானே பேசுறாருன்னு சொன்ன?"

"நான்தான் சொன்னேன். எனக்கு அவரு வேணும்ணே, அதனால சொன்னேன்!" என்று கதறினாள். கதறிக்கொண்டே அவனைத் தாண்டிப் போய்விட்டாள். அவள் கையைப் பிடிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. திருநீறு கொடுத்த கை அல்லவா?

முதல் வெட்டு விழுந்தபோது புற்று அசையவில்லை. கார்த்திகேசுவின் மண்டையில் போடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். மூன்றாவதோ நாலாவதோ, மேல்பாதி ஒரே பாளமாகச் சரிந்தது. உள்ளே ஊறிப்போன முட்டை ஓடுகளும், நேர்ந்து போட்ட வளையல்களும், அதற்குக் கீழே கறுப்பாக ஒரு வாயும் இருந்தன. அந்த வாயிலிருந்து ஜில்லென்று காற்று வந்தது. குளத்தின் அடிச்சேற்று நாற்றம் அடித்தது. பேச்சு இப்போது முணுமுணுப்பாக இல்லை. வெறும் தண்ணீர் இரைச்சல். கூட்டம் முழுக்கக் கேட்டது.

"அந்தப் பந்தக்காலக் குடுங்கண்ணே" என்றாள்.

சன்னாசி தன்னை அறியாமல் பூசைப் பந்தலின் நீள மூங்கிலைப் பிடுங்கிக் கொடுத்தான். அவள் அதைத் துவாரத்துக்குள் விட்டாள். பாதி போயிற்று, முக்கால் போயிற்று. கையில் இருந்த நுனியை யாரோ உள்ளேயிருந்து வெடுக்கென்று இழுத்த மாதிரி இருந்தது. மூங்கில் முழுசாக உள்ளே போய்விட்டது. எதிலும் முட்டின சத்தம் வரவில்லை.

சன்னாசிக்கு வேர்த்துக் கொட்டியது. அப்புறம் போட்டானே ஒரு சத்தம்: "என்னடா வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, போய்க் கலிங்க வெட்டுங்கடா!"

அதற்கப்புறம் யாரும் சாமி பேச்சு எடுக்கவில்லை. ஆண்களும் பெண்களும் கையில் கிடைத்ததைக் கொண்டு கலிங்கை அகலமாக்கி, குன்றின் கெட்டித் தரையில் ஆழமாக வெட்டினார்கள். வெட்ட வெட்டத் தண்ணீர் பாய்ந்து, லயத்துக்கு எட்டாமல் பழைய ஓடைப் பள்ளத்தில் விழுந்தது. அம்புரோஸ் போலீஸ்காரர்களிடம் கெஞ்சியும் சண்டை போட்டும் கேட்டைத் திறந்து வைத்து, பிள்ளைகுட்டிகளை மேட்டு ஸ்டோருக்கு ஏற்றினார். கங்கா பச்சைப்பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். பொழுது சாய்வதற்குள் குளம் முன்பு நின்ற மட்டத்திலிருந்து நெஞ்சுயரம் இறங்கிவிட்டது. விடிந்து பார்த்தபோது, கரையின் நடுவில் புற்று இருந்த இடமே உள்ளே இடிந்து விழுந்து, ஒரு மாட்டு வண்டி நுழைகிற அளவுக்குப் பள்ளம் கிடந்தது. குளம் பழைய மட்டத்தில் நின்றிருந்தால் கங்காவின் வீடு இருந்த இடமே தெரிந்திருக்காது.

மிச்சத் தண்ணீரையும் இறக்கினால்தான் கரையைக் கட்ட முடியும் என்று வாய்க்காலை நாளுக்கு நாள் ஆழமாக வெட்டினார்கள். ஆடி வெயிலில் சேறு வெளியே தெரிந்தது. கடைசியில் மதகு வாய் தெரிந்தது.

பார்த்தவன் கூப்பிடக்கூட இல்லை, மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். மதகின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை எலும்பு செருகியிருந்தது. மற்றதெல்லாம் சேற்றுக்குள் அதை ஒட்டியே கிடந்தது. இடுப்பு எலும்பில் கறுத்துப்போன வெள்ளி அரைஞாண். பக்கத்தில் மதகுக் கைப்பிடி. மழை அடித்துக்கொண்டு வந்த கட்டையைக் கைப்பிடியால் நெம்பி எடுப்பதற்காகச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கியவன், கம்பிக்குள் கை சிக்கி அங்கேயே நின்றுவிட்டான். காட்டுக்கு எங்கே போனான்? ஒரு அடி நகரவில்லை. இத்தனை நாளும் அந்தத் தண்ணீரைத்தான் லயம் முழுக்கக் குடித்தது.

சின்னத்தாய் சேற்றில் இறங்கிப் போனாள். யாரும் தடுக்கவில்லை. அரைஞாணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்கயா இருந்தீங்க? நான் மேல காத வச்சுக்கிட்டுல்ல கெடந்தேன்" என்றாள். அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள். சன்னாசி சேற்றிலேயே குனிந்து அவள் காலைத் தொட்டான். "காட்டுக்காரன்னு நானும் சொன்னேன் தங்கச்சி" என்றான். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

போலீஸ் வந்து, தண்ணீரில் விழுந்த சாவு என்று எழுதிக்கொண்டு போனது. மறுநாள் கேட்டில் அவள் சோற்றுச் சட்டியை மூடியைக்கூடத் திறக்காமல் விட்டார்கள். அவளே மூடியைத் திறந்து நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூடிக்கொண்டு போனாள்.

அமலதாஸ் இந்தத் தடவை நேரில் வந்து நின்று, வேரையெல்லாம் தோண்டி எடுத்துக் கரையைத் திரும்பக் கட்டினார். கலிங்கைப் பெரிசாக்கினார், மதகுக்கு இரண்டு கைப்பிடி வாங்கி வைத்தார். காவல் வேலையைச் சின்னத்தாய் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவசரகாலம் முடிந்தது, கம்பி வேலி பிரித்தார்கள், கங்காவின் மகன் வளர்ந்து ரவாங்கில் வேலைக்குப் போனான். அவள் மட்டும் கரையை விட்டு நகரவில்லை. மழை பெய்து விட்ட காலைகளில், தலை நரைத்த அந்தப் பொம்பளை கரைமேல் குப்புறப் படுத்து மண்ணில் காதை வைத்திருப்பாள். சட்டை மடித்து வைத்திருந்த அந்த இடத்தில்தான் ரொம்ப நேரம் வைத்திருப்பாள். புதிதாக வந்த ஆட்கள், "பாவம், இன்னும் புருசன் பேசுவான்னு காத்துக்கிட்டு இருக்கு" என்பார்கள்.

ஒரு தடவை கங்காவே பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "ஏம்மா, இன்னும் அப்பா கொரல் கேக்குதா?"

சின்னத்தாய் எழுந்து கன்னத்து மண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேக்கக் கூடாதுன்னுதாண்டி கும்பிட்டுக்கிட்டு காத வைக்கிறேன்" என்றாள். "ஒரு சத்தமும் வரலேன்னா, அன்னிக்குக் கீழ இருக்கிற புள்ளைங்க தூங்கும்."